மூக்கொழுகும் பிள்ளைக்கு அனுமதிச் சீட்டு

"பதிவு பெற்ற மருத்துவரின் சீட்டு இருந்தால் மட்டுமே சில்லறையில் விற்கப்பட வேண்டும்." ஆன்டிபயாடிக் மருந்துகளின் அட்டையில், எறும்பு மட்டும் சிரமமின்றி வாசிக்கக்கூடிய எழுத்தில், இந்த விதி அச்சிடப்பட்டிருக்கிறது. அரசு அலுவலகத்தில் வாழ்நாளின் பெரும்பகுதியை அடிக்குறிப்புகளோடு கழித்தவன் நான். எழுத்து சிறுக்கச் சிறுக்க விதி முக்கியமாகிறது என்பது என் அனுபவம். பெரிய எழுத்தில் இருப்பவை பெரும்பாலும் வரவேற்புப் பலகைகள்.

அம்பத்தூரில் எங்கள் குடியிருப்பிலிருந்து ரயில் நிலையத்துக்குப் போகிற வழியில் உள்ள மருந்துக் கடையில் இந்த விதி நடைமுறையில் இல்லை. காலையில் நான் படி ஏறும்போதே கடைக்காரர் கையை அலமாரிக்கு நீட்டிவிடுவார்.

"இன்னா சார், பாப்பாக்கு மூக்கா?"

"மூக்குதான்."

"அதே ரோஸ் சிரப்புதான? கலக்கியே குடுத்துட்றேன்."

"சீட்டு வேண்டாமா?"

"உங்களுக்கு இன்னா சார் சீட்டு. டெய்லி பாக்குற மூஞ்சி."

பொடியில் கோடு வரை தண்ணீர் ஊற்றிக் குலுக்கித் தருவார். பதிவு பெற்ற மருத்துவரின் வேலையை என் முகமே செய்துகொண்டிருந்தது என்பதை நினைத்து அப்போது நான் பெருமைதான் பட்டேன்.

ரோஸ் சிரப்பு என் பேத்திக்கு. அவளுக்கு அப்போது மூன்று வயது. மகள் தொழிற்பேட்டையில் ஓர் அலுவலகக் கட்டடத்தில் மென்பொருள் வேலை பார்க்கிறாள். மருமகனுக்கு ஒரகடத்துப் பக்கம் ஷிப்ட் வேலை. மகளின் கட்டடத்தில் கீழ்த்தளத்தில், அங்குள்ள நிறுவனங்கள் சேர்ந்து நடத்தும் குழந்தைகள் காப்பகம் இருக்கிறது. அதன் வாசல் சுவரில் ஓர் அறிவிப்பு ஒட்டியிருந்தார்கள்: சளி, மூக்கொழுகல் உள்ள குழந்தைகள், ஆன்டிபயாடிக் தொடங்கியிருந்தால் மட்டுமே அனுமதிக்கப்படுவர்.

தொடங்கியதற்கு அத்தாட்சி என்ன? பாட்டில். குழந்தையின் பையில், பெயர் ஒட்டிய ரோஸ் நிற பாட்டில் இருக்க வேண்டும். வாசலில் நிற்கும் ஆயாம்மா பையைத் திறந்து பார்த்துவிட்டு வழிவிடுவார். ஆக, மருந்து மருந்தாக இருந்தது போய் அனுமதிச் சீட்டாகிவிட்டது. மூக்கு ஒழுகினால் சீட்டு வாங்குவோம். இரண்டு நாளில் மூக்கு காய்ந்தால் மிச்சத்தைக் குளிர்சாதனப் பெட்டியில் தயிருக்குப் பக்கத்தில் வைப்போம். அடுத்த மாதம் புதுச் சீட்டு. அந்தக் கட்டடத்தில் வேலை பார்க்கிற படித்த பெற்றோர் அத்தனை பேரும் இதையேதான் செய்தார்கள். யாரும் மருத்துவரைக் கேட்கவில்லை. வாசலைக் கடப்பதற்கு மருத்துவர் எதற்கு?

போன வருட மழைக்காலத்தில் அவளுக்கு நியூமோனியா வந்தது. காய்ச்சலும் இருமலுமாக இருந்தவள், திடீரென்று மூச்சு இறைக்க ஆரம்பித்தாள். ஒவ்வொரு மூச்சுக்கும் விலா எலும்புகளுக்கு நடுவே தோல் உள்ளே குழிந்தது. மருத்துவமனையில் ஆக்ஸிஜன் வைத்து, புறங்கையில் ஊசி குத்தி ஆன்டிபயாடிக் ஏற்றினார்கள். அந்த மருந்துதான் அவளைக் காப்பாற்றியது. இதை அழுத்திச் சொல்லிவிடுகிறேன். வேப்பிலையும் மிளகும் எல்லாவற்றையும் தீர்க்கும் என்று வாட்ஸாப்பில் பரப்புகிற கூட்டத்தில் நான் இல்லை.

மாம்பழம் வரும் காலத்தில் இரண்டாவது முறை வந்தது. எக்ஸ்ரேயில் அதே போன்ற வெள்ளைத் திட்டு, அதே ஊசி, அதே கட்டில் போலத் தெரிந்தது. வீட்டுக்கு அனுப்பும்போது கொடுத்த தாளில் 'மீண்டும் மீண்டும் வருவது' என்று பொருள்படும் ஆங்கிலச் சொல் இருந்தது. அந்தச் சொல் எனக்கு நெடுநாள் பழக்கம். தணிக்கைக் குறிப்பில் அது வந்தால், முதல் ஆட்சேபணைக்கு யாரும் பதில் சொல்லவில்லை என்று அர்த்தம்.

மருத்துவமனைப் படியில் இறங்கும்போது மகள், குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு, என்னைப் பார்க்காமல் சொன்னாள். "மூணாவது தடவ வந்தா என்னால முடியாதுப்பா."

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் ஒரே வேலைதான். மூன்றாவது வரக் கூடாது.

பூந்தமல்லியில் ஒரு குழந்தை மருத்துவர் இருப்பதை எனக்குச் சொன்னவர் எங்கள் முனையில் நிற்கும் ஆட்டோக்காரர். அவர் சிபாரிசாகச் சொல்லவில்லை, எச்சரிக்கையாகச் சொன்னார். "அந்தம்மா கிட்ட மட்டும் போய்டாதீங்க சார். மருந்தே எழுதாது. சும்மா பேசி அனுப்சிடும்." காரணம் இருந்தால் மட்டுமே கையெழுத்துப் போடுகிற ஒரு மனுஷியைப் பார்க்க எனக்கு உடனே ஆசை வந்தது. அடுத்த நாளே மூவரும் போனோம். காத்திருப்போர் நாற்காலிகளில் பாதி காலி. மருந்து எழுதாவிட்டால் கூட்டம் எப்படி வரும்?

நான் தேதிவாரியாகக் கோத்து வைத்திருந்த கோப்பை நீட்டினேன். டாக்டர் புரட்டினார். "நல்லா கோத்திருக்கீங்க. இந்த சிரப்பு எப்பப்பல்லாம் குடுத்தீங்க?"

"மூக்கு ஒழுகுறப்பல்லாம், டாக்டர்" என்றாள் மகள்.

"யாரு எழுதிக் குடுத்தது?"

மகள் என்னைப் பார்த்தாள். "கடைக்காரர் என் முகத்தைப் பார்த்துக் கொடுப்பார்" என்றேன்.

டாக்டர் கண்ணாடியை இறக்கி என்னைப் பார்த்தார். "முகம் நல்லாத்தான் இருக்கு. எம்.பி.பி.எஸ். மாதிரி தெரியல."

குழந்தையை மேசையில் உட்காரவைத்து முதுகில் காது கொடுத்துக்கொண்டே கேட்டார். "ஆவடி லோக்கல் ட்ரெயின்ல போயிருக்கீங்களா?"

"வேலையில இருந்த காலம் பூரா."

"காலையில ஆவடியிலயே ஏறி உக்காந்துட்ற கூட்டம் ஒண்ணு இருக்கும் இல்ல? பேப்பர் படிப்பாங்க, தூங்குவாங்க, யாருக்கும் தொந்தரவு இல்ல. அம்பத்தூர்ல முரட்டுப் பசங்க நாலு பேர் ஏறுனாலும் உக்கார எடம் கெடையாது. வாசல்ல தொங்கிட்டு எறங்கிப் போய்டுவாங்க. கொழந்தையோட மூக்கும் தொண்டையும் அந்தப் பெட்டி மாதிரிதான். பொறந்ததுலேர்ந்து அங்க நெறைய பாக்டீரியா குடியிருக்கு. பல பேர் நல்லவங்க. எடத்த புடிச்சு வச்சிருக்கிறதே அவங்க செய்யிற பெரிய உபகாரம்."

"நியூமோனியா கிருமி?"

"அதுவும் பல கொழந்தைங்களுக்கு அதே பெட்டியில ஓரமா நின்னுட்டுதான் இருக்கும். எடம் கெடைக்காத வரைக்கும் பெருசா ஒண்ணும் பண்ணாது. சளி புடிக்கிறது பெரும்பாலும் வைரஸால. அதுக்கு இந்த சிரப்பு ஒண்ணும் செய்யாது. ஆனா பெட்டியில உக்காந்திருக்கிற நல்லவங்களை எறக்கி வுட்டுடும். நீங்க மாசாமாசம் பெட்டிய காலி பண்ணி அனுப்பியிருக்கீங்க. அடுத்த ஸ்டேஷன்ல யாரு மொதல்ல ஏறுவா?"

"தள்ளத் தெரிஞ்சவன்" என்றேன். அந்த ரயிலில் அதைக் கற்காமல் யாரும் ஓய்வு பெற்றதில்லை.

"அவ்ளோதான்." பிறகு குரலைக் கொஞ்சம் தணித்தார். "நான் படிச்சப்ப நுரையீரல்ல கிருமியே இருக்காதுன்னு சொல்லிக் குடுத்தாங்க. இப்ப அங்கயும் கொஞ்சம் பேர் வந்து போறாங்கன்னு தெரியுது. முழுசா இன்னும் யாருக்கும் தெரியாது. இவளுக்கு ரெண்டு தடவ வந்ததுக்கு இது ஒண்ணுதான் காரணம்னு நான் சத்தியம் பண்ண மாட்டேன். ஆனா நிறுத்த வேண்டியத நிறுத்துவோம்."

தன் அதிகார வரம்பு எங்கே முடிகிறது என்று தானாகவே சொன்ன ஒருவரை நான் அலுவலகத்தில் பார்த்ததில்லை. அந்த இடத்திலேயே அவர் கட்சிக்கு மாறிவிட்டேன்.

தடுப்பூசி அட்டையை வாங்கி எல்லாம் போட்டிருக்கிறதா என்று பார்த்தார். கொசுவர்த்திச் சுருளைத் தூக்கிப் போட்டு வலை கட்டச் சொன்னார். சளிக்கு ஆன்டிபயாடிக் கிடையாது. ஆனால் மூச்சு வேகமானால், விலா குழிந்தால், குழந்தை தண்ணீர் குடிக்க மறுத்தால், ஒரு நிமிடம்கூடத் தாமதிக்காமல் ஓடி வர வேண்டும். "அப்ப நானே எழுதுவேன். எழுதுனா கடைசிச் சொட்டு வரைக்கும் குடுக்கணும். தயிர் பக்கத்துல வைக்கக் கூடாது." தயிர் விஷயத்தை நாங்கள் சொல்லவே இல்லை.

அடுத்த சளி வந்ததும் பாட்டில் இல்லாமல் காப்பகத்துக்கு அழைத்துப் போனேன்.

"பாட்லு எங்க சார்?" என்றார் ஆயாம்மா.

"இல்லம்மா. டாக்டர் வேணாம்னுட்டாங்க."

"டாக்டரு சொன்னா இன்னா சார், மேடம்ல சொல்லணும்."

மேடம் என்பவர் காப்பகத்தின் மேலாளர். புன்னகையோடு வந்தார். "சார், மத்த கிட்ஸோட சேஃப்டி சார். பாலிசி."

"இந்தப் பாலிசியை எந்த டாக்டர் பார்த்தார்?"

"ஹெட் ஆபீஸ்லேர்ந்து வந்தது சார்."

"அங்க டாக்டர் இருக்காரா?"

"ஹெச்.ஆர். இருக்காங்க சார்."

பேத்தியோடு வீடு திரும்பினேன். அன்று மாலையே காப்பகத்தின் நிர்வாகக் குழுவுக்கு மனு எழுதினேன். மருத்துவர் சீட்டின்றி விற்கக் கூடாத மருந்தை, மருத்துவரே வேண்டாம் என்ற பிறகும், அனுமதிக்கு நிபந்தனையாக்கியது எந்த விதியின் கீழ்? டாக்டரின் ஆலோசனைத் தாளின் நகலை இணைத்தேன். பதில் இல்லை. நினைவூட்டு எழுதினேன். பதில் இல்லை. இரண்டாம் நினைவூட்டில், 'எனது முந்தைய கடிதத்தின் நகல் தங்கள் வசதிக்காக மீண்டும் இணைக்கப்பட்டுள்ளது' என்று எழுதினேன். வெளியாருக்கு இது மரியாதையான வாக்கியமாகத் தெரியும். கோப்பு பார்த்தவர்களுக்குத்தான் தெரியும், இது கன்னத்தில் அறைவது. அறை வாங்கியும் அவர்கள் அசையவில்லை.

இதற்கிடையில் மகள் வேறு வழி கண்டுபிடித்து வந்தாள். "அப்பா, பாதிப் பேர் இப்ப சிரப்பே வாங்குறதில்லையாம். கழுவுன பாட்டில்ல ரோஸ் மில்க் ஊத்தி அனுப்புறாங்களாம்."

"அது போலி ஆவணம்."

"அது ரோஸ் மில்க்ப்பா."

"போலி ஆவணம் இனிப்பா இருந்தாலும் போலிதான்."

"அப்ப சளி புடிக்கிற அன்னிக்கெல்லாம் நீங்களே வீட்ல வச்சுப் பாத்துக்குங்க. எனக்கு மீட்டிங் இருக்கு."

பார்த்துக்கொண்டேன். ஓய்வு பெற்றவனுக்கு விடுப்பு விண்ணப்பம் கிடையாது என்பதை அப்போதுதான் உணர்ந்தேன்.

ஐப்பசி மழையில் பரீட்சை வந்தது. தெருவில் கணுக்கால் வரை தண்ணீர். பேத்திக்குக் காலையில் மூக்கொழுகல், பத்து மணிக்கெல்லாம் காய்ச்சல், கூடவே இருமல். அவள் தூங்கும்போது சட்டையைத் தூக்கிவிட்டு விலாவையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். விழித்துக்கொண்டாள்.

"என்ன தாத்தா பாக்குற?"

"ஆய்வு."

"முடிஞ்சுதா?"

"நடந்துட்டிருக்கு."

மத்தியானம் மகள் நனைந்தபடி உள்ளே வந்தாள். பையிலிருந்து எடுத்து மேசையில் வைத்தாள். ரோஸ் சிரப்பு, சீல் உடைக்காதது. "குடுத்துடலாம்ப்பா. இந்த ஒரு தடவ."

எனக்குத் தெரிந்த விதிகளில் எதுவும் உதவிக்கு வரவில்லை. நான் சொல்வது தப்பாக இருந்தால் மூச்சிறைக்கப் போவது நானல்ல. மூன்றாவது முறை என்ற சொல்லை இருவரும் சொல்லவில்லை. மேசைக்கு இருபுறமும் நின்றோம். நடுவில் பாட்டில் நின்றது. கடைசியில், "பாட்டிலையும் எடுத்துக்கோ. டாக்டர் குடுக்கச் சொன்னா அங்கயே குடுப்போம்" என்றேன்.

ஆட்டோக்காரர் மழைத் திரையை இறக்கிக் கட்டியபடி பாட்டிலைப் பார்த்தார். "இன்னா சார், மருந்து எழுதாத டாக்டர் கிட்ட மருந்த கையில புட்சிகினு போறீங்க."

"ஓட்டுங்க."

"வுடுங்க சார், பாப்பாக்கு ஒண்ணியும் ஆவாது" என்று சொல்லிவிட்டு, பூந்தமல்லி வரை ஒரு பள்ளத்தில்கூட இறக்காமல் ஓட்டினார். அந்தச் சாலையில் அது சாமானியச் சாதனை இல்லை.

டாக்டர் வெகுநேரம் கேட்டார். முதுகு, மார்பு, மறுபடி முதுகு. விரலில் கவ்வியை மாட்டி ஆக்ஸிஜன் அளவு பார்த்தார். கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி குழந்தையின் மூச்சை எண்ணினார். மகள் என் கைத்தண்டையை அழுத்திப் பிடித்திருந்ததை வீட்டுக்கு வந்த பிறகு தடம் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.

"நெஞ்சு சுத்தமா இருக்கு. சாதா சளிதான். காய்ச்சல் மருந்து மட்டும் குடுங்க. நாளைக்கு மறுபடி காட்டுங்க."

"இந்த பாட்டில்?" என்றாள் மகள்.

"சீல் உடைக்கல இல்ல? கடையில திருப்பிக் குடுங்க."

மறுநாளும் நெஞ்சு சுத்தம். அதற்கடுத்த நாள் காய்ச்சல் விட்டது. அன்று மாலை தோசையை இட்லிப் பொடியோடு கேட்டு, பொடி போதாது என்று சண்டை போட்டாள். எங்கள் வீட்டில் அவ்வளவு இனிமையான சண்டை அதற்கு முன் நடந்ததில்லை. மூக்கு மட்டும் இன்னும் பல நாள் ஒழுகி, தனக்கு எப்போது தோன்றியதோ அப்போது நின்றது.

பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தபோது கடைக்காரர் அதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். "இது ரிட்டர்ன் வந்து நான் பாத்ததே இல்ல சார்."

"இனிமேல் என் மூஞ்சிக்குக் கொடுக்காதீங்க. சீட்டுக்குக் கொடுங்க."

மனிதர் சொன்ன சொல் காப்பவர். அடுத்த வாரம் தலைவலி மாத்திரை கேட்டேன். கையை நீட்டி, "சீட்டு கீதா சார்?" என்றார்.

கார்த்திகையில் ஒரு சளி, மார்கழிப் பனியில் இன்னொன்று. இரண்டும் வந்த வழியே போயின. போன வருடம் ஆக்ஸிஜனோடு கிடந்த அதே பருவத்தில், மூக்கில் குழாயடியை வைத்துக்கொண்டு, குடியிருப்பின் தாழ்வாரத்தில் பிள்ளைகளைத் துரத்திக்கொண்டிருந்தாள். பெட்டியில் பழைய பயணிகள் திரும்பி வந்து உட்கார்ந்துவிட்டார்கள் என்று நான் நம்பினேன். டாக்டரிடம் சொன்னேன். "இருக்கலாம்" என்றார்.

இனி காப்பகம். என் மனுக்களுக்குப் பதில் வராத நிலையில், அவர்கள் வாசலில் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டியிருந்த அவர்களுடைய நடைமுறை விதிகளை நின்று வாசித்தேன். யாரும் வாசிக்காத கீழ்ப்பகுதியில், பெற்றோர் கூட்டம் காலாண்டுக்கு ஒரு முறை நடத்தப்படும் என்றிருந்தது. ஒரு முறைகூட நடந்ததில்லை. மூன்றாம் நினைவூட்டில் மூக்கைப் பற்றியே எழுதவில்லை. கூட்டம் எங்கே என்று மட்டும் கேட்டேன். தன் சட்டத்தையே மீறியவன் அடுத்தவன் மனுவை வேகமாகப் படிப்பான்.

மார்கழியில் ஒரு வெள்ளிக்கிழமை மாலை, பிள்ளைகளை அழைத்துப் போகும் நேரத்தில் கூட்டம் போட்டார்கள். குட்டி நாற்காலிகளில் முழங்கால் முகவாயைத் தொட உட்கார்ந்தோம். குழு சார்பில், கழுத்தில் அடையாள அட்டை தொங்கும் ஓர் இளைஞர் வந்திருந்தார். அவர் மகனும் அங்கேதான் இருந்தான்.

மேலாளர் எழுந்தார். "பாலிசிக்கு எல்லா பேரன்ட்ஸும் ஃபுல் கோஆபரேஷன். பாட்டில் இல்லாம யாரும் வர்றதில்ல."

"அந்த பாட்டில்களைக் கொஞ்சம் கொண்டு வரச் சொல்லுங்க" என்றேன். "கலக்கின சிரப்பை எத்தனை நாளுக்குள் கொட்டணும்னு அதிலேயே போட்டிருக்கும். அதை மட்டும் சரிபார்ப்போம்."

ஆயாம்மா தட்டில் அடுக்கிக் கொண்டுவந்தார். இளைஞர் பொறுப்போடு முதல் பாட்டிலை எடுத்தார். மூடியைத் திருகினார். முகர்ந்தார். மறுபடி முகர்ந்தார். அறை முழுக்க ரோஸ் மில்க் மணந்தது. பெயர்ச் சீட்டைப் பார்த்ததும் அவர் காது மடல்கள் சிவந்தன.

பின்வரிசையிலிருந்து ஓர் அம்மா அமைதியாகச் சொன்னார். "அது உங்க வீட்டுதுதான் சார். உங்க மிஸஸ்தான் எனக்கே ஐடியா குடுத்தாங்க."

சிரிப்பு அடங்க நேரமாயிற்று. மேலாளரும் கடைசியில் சேர்ந்துகொண்டார். சிரித்து முடித்த பெற்றோர் ஒவ்வொருவராகப் பேச ஆரம்பித்தார்கள். யாருக்கும் அந்த விதி பிடிக்கவில்லை. ஒவ்வொருவரும் மற்றவர்களுக்குப் பிடித்திருக்கிறது என்று நினைத்திருக்கிறார்கள். டாக்டரின் தாளைப் படித்துக் காட்டினேன். மூச்சு எப்போது ஆபத்து, எப்போது இல்லை என்ற இடத்தில் பலர் செல்பேசியில் படம் எடுத்துக்கொண்டார்கள்.

"ரிவ்யூ பண்றோம் சார்" என்றார் இளைஞர்.

"எழுத்தில்."

"மெயில் பண்றோம் சார்."

தட்டைத் திரும்ப எடுத்துப் போகும்போது ஓரத்து பாட்டில் ஒன்றில் என் பேத்தியின் பெயர் இருந்ததைப் பார்த்தேன். ஓய்வூதியத்துக்காக, நான் உயிரோடிருக்கிறேன் என்று நிரூபிக்கக் கருவூலத்துக்குப் போன நாளில் மகள் கொடுத்தனுப்பியதாக இருக்க வேண்டும். மகள் மின்விசிறியையே பார்த்துக்கொண்டிருந்தாள். கூட்டக் குறிப்பை எழுதியவன் நான். அதில் அந்த பாட்டில் இடம்பெறவில்லை.

பிறகும் ஒரு நினைவூட்டு தேவைப்பட்டது. அதன் பின்னர் வந்தது பதில். சளிக்கு ஆன்டிபயாடிக் என்ற நிபந்தனை நீக்கப்படுகிறது. சாப்பிட்டு, விளையாடுகிற குழந்தை மூக்கொழுகினாலும் அனுமதிக்கப்படும். காய்ச்சலோ மூச்சுத் திணறலோ இருந்தால் பெற்றோர் உடனே அழைக்கப்படுவர். மருத்துவர் சீட்டில்லாத எந்த மருந்தும் உள்ளே வரக் கூடாது. பகலில் ஜன்னல்கள் திறந்திருக்கும். என் மனுவின் வாக்கியங்கள்தான், பிழை திருத்தப்படாமல் அப்படியே.

பேத்தி பக்கத்தில் உட்கார்ந்து கரும்பைக் கடித்துக்கொண்டிருந்தாள். மூக்கு ஒழுகிக்கொண்டிருந்தது. ஒரு கையால் அதைத் துடைத்துவிட்டு, மறு கையால் கோப்பைத் திறந்து, பழக்க தோஷத்தில் மேல் மூலையில் குறித்தேன்: பெறப்பட்டது, தை மாதம் மூன்றாம் தேதி, காணும் பொங்கல், அரசு விடுமுறை.